அசைவூட்ட மென்பொருள்களில் எழுத்துக்கூட்டலும் ஒலிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டக் கலைக்குரிய மென்பொருள்கள் பல நாடுகளில் உருவாகிப் பல மொழியினரால் பயன்படுத்தப்படுகின்றன. எனினும் அவற்றின் கட்டளைகளில் நிலைபெற்றிருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில எழுத்துக்கூட்டலே ஆகும். அது நிலைபெற்ற வரலாற்றையும், 'இசட்' என்னும் எழுத்தின் பெயர், வரைகலை முறைகளுக்கு இடப்பட்ட மனிதர் பெயர்கள் ஆகியவற்றின் ஒலிப்பில் நேர்ந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கிலத்தில் வெளிப்படும் வேறுபாடுகள் சில தமிழ் எழுத்தில் மறைவதையும், ஆங்கிலத்தில் மறைந்து கிடப்பன தமிழில் வெளிப்படுவதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், எழுத்துக்கூட்டல், ஒலிப்பு, எழுத்துப்போலி, ஒலிபெயர்ப்பு, பிளெண்டர்

முன்னுரை

நிலம் என்பது நிலன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும், சாம்பல் என்பது சாம்பர் என்றும் வருவதைத் தமிழிலக்கண மரபு பிழையெனக் கொள்வதில்லை. ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் வேறுபடாமையின், அதனைப் போலி என வகுத்து நன்னூலும் அதன் உரைமரபும் ஏற்றுக்கொள்கின்றன. படிப்பவர் மனத்தில் இரு வடிவங்களும் ஒரே சொல்லாக நிற்கும்.

ஆங்கிலத்திலும் இத்தகைய இணைகள் உண்டு. நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்னும் சொல்லைப் பிரித்தானியர் இறுதி 'ஆர்' எழுத்துக்கு முன் 'யு' சேர்த்து எழுதுவர். அமெரிக்கர் அதனை விடுத்து எழுதுவர். மையத்தைக் குறிக்கும் 'சென்டர்' என்னும் சொல்லைப் பிரித்தானியர் 'ஆர்-ஈ' என்றும், அமெரிக்கர் 'ஈ-ஆர்' என்றும் முடிப்பர். எழுத்து மிகுதலும் இடம்மாறுதலும் இவற்றுள் கலந்திருப்பதால் இவை தமிழ்ப் போலியோடு முற்றும் ஒத்தன அல்ல. ஆயினும் பொருள் மாறாமை என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொதுவே. நியூயார்க்கில் அச்சான நூலை இலண்டனில் படிப்பவர் இவ்வேறுபாட்டால் எவ்வித இடரும் அடைவதில்லை.

கணினியின் நிலை வேறு. அதற்குப் போலி தெரியாது. யு நீங்கிய வடிவத்தை எதிர்நோக்கும் நிரலுக்கு யு உள்ள வடிவத்தைக் கொடுத்தால், அது நிறத்தைக் குறிக்கும் சொல் என்பதை உணராமல், அப்படியொரு பெயரே இல்லை எனக் கூறிப் பணியை நிறுத்திவிடும். இரு நூற்றாண்டுகளாக இரு நாட்டு அச்சகங்களின் வழக்கு வேறுபாடாக மட்டும் இருந்த ஒன்று, பொறிக்குள் புகுந்ததும் சரி, பிழை என்னும் பாகுபாடாக மாறிவிட்டது. அசைவூட்ட மென்பொருளைப் பயிலும் மாணவர் நாள்தோறும் எதிர்கொள்வது இம்மாற்றத்தின் விளைவையே.

யு என்னும் எழுத்து

'கலர்' என்னும் சொல் இலத்தீனில் யு இன்றியே இருந்தது. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தை அடைந்தபோதுதான் அதில் யு இடம்பெற்றது. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி இவ்வடிவத்துக்கு வலுவூட்டியது. இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. ஜான்சன் 'எரர்', 'ஹாரர்', 'கவர்னர்', 'எம்பரர்' ஆகிய சொற்களையும் யு சேர்த்தே எழுதினார். இச்சொற்களில் யு எழுத்தைப் பிரித்தானியரே பின்னர்க் கைவிட்டனர். ஆகவே யு எழுத்தைப் பிரித்தானியர் காத்தனர், அமெரிக்கர் அழித்தனர் எனப் பொதுவாகக் கூறப்படுவது பாதி உண்மையே ஆகும். இரு நாட்டினரும் அதனை நீக்கினர். அமெரிக்கர் இறுதிவரை சென்றனர், பிரித்தானியர் இடையில் நின்றனர்.

அமெரிக்க வடிவங்கள் நிலைபெற நோவா வெப்ஸ்டரின் பணி பெருங்காரணமாயிற்று. 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டற் பாடநூல் பல தலைமுறை மாணவர் கைகளில் வழங்கியது. 1806இல் ஒரு சிற்றகராதியையும், 1828இல் சுமார் 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியையும் அவர் வெளியிட்டார். அரசியல் விடுதலை பெற்ற நாட்டுக்கு எழுத்திலும் தனித்தன்மை வேண்டும் என்பது அவர் கொள்கை. 'மாடலிங்' போன்ற சொற்களில் ஓர் 'எல்' மட்டும் எழுதும் அமெரிக்க வழக்கம் அவர் வகுத்த நெறியின் தொடர்ச்சியே. அவர் முன்மொழிந்த யாவும் ஏற்கப்பட்டுவிடவில்லை. நாவைக் குறிக்கும் 'டங்' என்னும் சொல்லை ஒலிப்புக்கு ஏற்பச் சுருக்கி எழுதவேண்டும் என்றார். அதனை அவர் நாட்டவரே ஏற்கவில்லை. எழுத்துச் சீர்திருத்தத்தில் தருக்கத்தைவிடப் பழக்கமே வலியது என்பதை அறிய, தமிழ் எழுத்துச் சீர்திருத்த வரலாற்றைக் கற்றோர்க்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கணினிக்குள் இரு வடிவங்கள்

யு உள்ள வடிவம் கணினிக்குள் நுழையவே இல்லை எனக் கருதுவது தவறு. 1981இன் இறுதியில் பிரித்தானியாவில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினியின் பேசிக் மொழியில், நிறத்தை மாற்றும் கட்டளை யு சேர்த்தே எழுதப்பட்டது. அமெரிக்காவில் ஐ.பி.எம். கணினிகளுக்கு வழங்கிய பேசிக் மொழியிலோ அதே கட்டளை யு இன்றி அமைந்தது. அதே காலத்தில், 1982இல், கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினி இச்சிக்கலை வேறு வகையில் கடந்தது. எழுத்தின் நிறத்திற்கு 'இங்க்', பின்புல நிறத்திற்கு 'பேப்பர்' என்று மையையும் தாளையும் கட்டளைப் பெயர்களாக்கியது. இச்சொற்களை இரு நாட்டினரும் ஒன்றுபோலவே எழுதுவர்.

பி.பி.சி. மைக்ரோவின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. 1984–85இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் வழங்கப்பட்டவை இவ்வகைக் கணினிகளே. ஆகவே இந்தியப் பள்ளிகளில் கணினியை முதன்முதலாகத் தொட்ட மாணவர் பலர் திரையில் நிறம் மாற்றக் கற்றது, ஆங்கில வகுப்பில் தாம் கற்ற அதே எழுத்துக்கூட்டலால்தான். அடுத்து வந்தவை ஐ.பி.எம். வழிக் கணினிகள். ஆங்கில ஆசிரியர் திருத்தும் வடிவம் ஒன்று, கணினி ஏற்கும் வடிவம் மற்றொன்று என்னும் இரட்டைநிலை அதன்பின் இந்திய வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது.

வரைகலைத் துறையில் அமெரிக்க வடிவம் வென்றமைக்கு மொழிப்பற்று காரணமன்று. நூலகம் எனப்படும் நிரல்தொகுதிகள் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கப்படுவதே காரணம். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், 1992இல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓபன்ஜிஎல் தொகுதியும் நிறக் கட்டளைகளை யு இன்றி அமைத்தன. இவற்றின்மேல் மென்பொருள் எழுப்புவோர் எந்நாட்டினராயினும் கீழடுக்கின் பெயர்களையே அழைத்தாகவேண்டும். நார்வே நாட்டவரும் நெதர்லாந்து நாட்டவரும் இணைந்து வகுத்து 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்த சிஎஸ்எஸ் என்னும் இணையப்பக்க வடிவமைப்பு மொழியிலும் நிறத்தின் பெயர் யு நீங்கிய வடிவமே. இம்முடிவுகளில் எதனையும் மொழியறிஞர் அவை எதுவும் ஆய்ந்து எடுக்கவில்லை.

இதற்கு மறுதலையாகப் பிரித்தானியர் மனமுவந்து விட்டுக்கொடுத்த சொல்லும் ஒன்றுண்டு. நிகழ்ச்சியைக் குறிக்கையில் 'புரோகிராம்' என்பதை ஈற்றில் எம்-ஈ சேர்த்து எழுதும் அவர்கள், கணினி நிரலைக் குறிக்கையில் அமெரிக்கரைப் போலச் சுருக்கியே எழுதுகின்றனர். ஒரே சொல் இரு எழுத்துக்கூட்டலால் இரு பொருள் பெற்றுவிட்டது; போலி என்னும் எல்லையைக் கடந்து அது வேறு சொல்லாகிவிட்டது எனலாம்.

சாம்பல் பச்சையானது

சாம்பல் நிறத்தின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. சாம்பல்–சாம்பர் என்னும் கடைப்போலி தமிழில் இருப்பதுபோல, அந்நிறத்தைக் குறிக்கும் 'கிரே' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் இரு வடிவங்கள் உள. அமெரிக்கர் பெரும்பாலும் 'ஏ' எழுத்தாலும், பிரித்தானியர் 'ஈ' எழுத்தாலும் எழுதுவர்.

1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பெற்ற எக்ஸ் சாளர முறைமையின் நிறப்பெயர்ப் பட்டியல் இரு வடிவங்களையும் ஏற்றது. கருமையிலிருந்து வெண்மை வரை 0 முதல் 100 முடியச் சாம்பல் நிறத்தின் 101 படிநிலைகளுக்கும் அப்பட்டியல் இரு எழுத்துக்கூட்டலிலும் பெயர் தந்தது. போலியை இலக்கணத்தால் அன்றி எண்ணிக்கையால் ஏற்றுக்கொண்ட முறை இது. பொறிக்குப் போலியைக் கற்பிக்க முடியாதபோது, இரு வடிவங்களையும் தனித்தனியே எழுதிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்வந்த இணைய உலகம் இந்தப் பரந்த மனத்தை முதலில் காட்டவில்லை. 1997இல் பரிந்துரையான எச்டிஎம்எல் 3.2 பதிப்பின் 16 நிறப்பெயர்களுள் 'ஏ' வடிவம் மட்டுமே இருந்தது. உலாவிகள் எக்ஸ் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்களிலோ ஒழுங்கு இல்லை. அடர்சாம்பல் 'ஏ' வடிவத்திலும், வெளிர்சாம்பல் 'ஈ' வடிவத்திலும் அமைந்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய பதிப்புகளுக்கு 'ஈ' வடிவச் சாம்பல் தெரியாது. தெரியாத பெயரைக் கண்டால் பதினாறடிமான எண்ணாக அதனைப் படிக்க முயல்வது எச்டிஎம்எல் நிறப் பண்புகளுக்கு உலாவிகள் கையாண்ட வழக்கம். 'ஜி-ஆர்-ஈ-ஒய்' என்னும் நான்கு எழுத்துகளில் பதினாறடிமான எண்ணாகத்தக்கது 'ஈ' ஒன்றே. ஏனைய மூன்றும் சுழியாகும். குறையும் இரு இடங்களையும் சுழியால் நிரப்பி, மூன்றாகப் பிரித்தால் சிவப்புக்குச் சுழி, பச்சைக்கு 224, நீலத்துக்குச் சுழி எனக் கிடைக்கும். அதாவது, தம் பள்ளியில் கற்றபடி சாம்பல் என்று எழுதிய பிரித்தானியர் ஒருவர்க்குத் திரையில் தோன்றியது பளிச்சென்ற பச்சை. எழுத்துப்பிழை என்னும் அறிவிப்புக்கூட வராமல் பொருளே மாறிப்போவது பிழையறிவிப்பினும் கொடிது.

2001 செப்டம்பரில் பரிந்துரையான எஸ்விஜி என்னும் வரைகலை மொழி இதற்கு முடிவு கண்டது. அசைவூட்ட ஆற்றலும் கொண்ட அம்மொழியின் 147 நிறப்பெயர்களில் சாம்பல் வகைகள் ஏழும் இருவடிவிலும் இடம்பெற்றன. பின்னர் சிஎஸ்எஸ் நிறத்தரமும் அதனை ஏற்றது. ஆனால் 'கலர்' என்னும் தலைச்சொல்லுக்கு அந்தச் சலுகை இன்றுவரை இல்லை. சாம்பலை எவ்வாறும் எழுதலாம். சாம்பல் ஒரு நிறம் என்பதை மட்டும் அமெரிக்க முறையில்தான் எழுதவேண்டும்.

மென்பொருள்களின் நிலை

அசைவூட்ட மென்பொருள்களுள் மூன்றன் வழக்கை ஒப்புநோக்குவது பயன்தரும். மூன்றும் அமெரிக்கப் பண்பாட்டுக்குள் மட்டும் தோன்றியவை அல்ல.

மாயா 1998இல் வெளிவந்தது. கனடாவின் டொரண்டோவிலிருந்த ஏலியஸ் நிறுவனமும் கலிபோர்னியாவிலிருந்த வேவ்ஃப்ரண்ட் நிறுவனமும் 1995இல் இணைந்ததன் விளைவு அது. மாயத்தோற்றத்தைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லே பெயராயிற்று. தமிழ் மாணவர்க்கு மாயை என்னும் சொல்லால் அப்பொருள் சொல்லாமலே விளங்கும். கனடிய எழுத்து வழக்கு நிறத்தையும் மையத்தையும் பிரித்தானிய முறையில் எழுதுவது. எனினும் மாயாவின் பட்டிகளில் இரண்டும் அமெரிக்க வடிவிலேயே உள்ளன.

மாண்ட்ரியலைச் சேர்ந்த டூன் பூம் நிறுவனத்தின் ஹார்மனி மென்பொருள் மாறுபட்ட வழியைத் தேர்ந்தது. நிறத் தட்டுகளைக் காட்டும் பலகத்தின் பெயர் யு சேர்த்தே திரையில் தோன்றும். கோட்டின் நடுப்பகுதியைத் திருத்தும் கருவியின் பெயரிலும் 'ஆர்-ஈ' முடிவே உண்டு. இதனைக் கனடிய வழக்கின் வெற்றி என எண்ணத் தோன்றும். ஆனால் அதே மென்பொருளுக்குத் துணைநிரல் எழுதப் புகுவோர், திரையில் யு சேர்ந்து தோன்றும் நிற அட்டை என்னும் கணுவின் உட்பெயர் யு இன்றி இருப்பதைக் காண்பர். முகப்பில் ஒரு வழக்கு, உள்ளே வேறொரு வழக்கு. ஓவியர் காண்பது ஒன்று, நிரலாளர் காண்பது மற்றொன்று. இரு பணிகளையும் ஒருவரே செய்யும் சிறு கூடங்களில் இம்முரண் ஒரே நாளில் பலமுறை உணரப்படும்.

பிளெண்டர் நெதர்லாந்தில் பிறந்தது. டான் ரோசெண்டால் என்பாரின் நியோஜியோ கூடத்திற்குரிய உட்கருவியாக 1994இல் தொடங்கியது. அதனை வணிகமாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. பயனாளரிடமிருந்து திரட்டிய 1,00,000 யூரோவால் நிரல் மீட்கப்பட்டு, 2002 அக்டோபர் 13 அன்று குனூ பொது உரிமத்தில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. பல நாட்டினர் கூடி எழுதும் நிரலாகையால் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்தே ஆகவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. அதன் கையேட்டுக்குரிய நடைவிதிகள் அமெரிக்க ஆங்கிலத்தையே பின்பற்றப் பணிக்கின்றன. 'மாடலிங்' என்பதில் ஓர் 'எல்' மட்டுமே வரவேண்டும் என்பதை எடுத்துக்காட்டாகவும் தருகின்றன. நெதர்லாந்துப் பள்ளிகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது பெரிதும் பிரித்தானிய ஆங்கிலமே என்பதை நினைத்தால், இது தேசிய உணர்வின்பாற்பட்ட முடிவன்று என்பது தெளிவு. கட்டளையும் கையேடும் ஒரே வடிவில் இருந்தால்தான் தேடுவோர்க்குச் சொல் கிடைக்கும். இம்முடிவு ஏற்புடையதே. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதையும் நோக்கவேண்டும். அமெரிக்க மாணவர் எதனையும் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. பிரித்தானிய, ஆஸ்திரேலிய, இந்திய மாணவர் தாம் கற்றதை மறக்காமலேயே கைவிடப் பழகவேண்டும்.

இசட்டும் ஸீயும்

எழுத்துக்கூட்டலைக் கண்ணால் சரிபார்க்கலாம். ஒலிப்புக்கு அவ்வசதி இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் ஈற்றெழுத்துக்குக் கிரேக்க 'ஸீட்டா' வழியாகப் பிரெஞ்சில் வழங்கி இங்கிலாந்தை அடைந்த பெயர் 'ஸெட்'. 'பி, சி, டி' முதலியவற்றோடு ஒத்திசைக்க எழுந்த 'ஸீ' என்னும் பெயரும் 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வழங்கியமைக்குச் சான்றுண்டு. 1835இல் பாஸ்டனில் காப்புரிமை பெற்ற நெடுங்கணக்குப் பாடல் ஈற்றெழுத்தை 'ஸீ' என இயைபுபட முடித்தது. அமெரிக்காவில் அப்பெயர் நிலைக்க இப்பாடல் துணைசெய்தது.

முப்பரிமாண வரைகலையில் இவ்வெழுத்துக்குத் தனியிடம் உண்டு. 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், எப்பொருள் முன்னே நிற்கிறது, எது மறைகிறது என்பதைப் புள்ளிதோறும் ஆழ அளவால் கணிக்கும் முறை விளக்கப்பட்டது. அதே ஆண்டில் பெர்லினில் வோல்ஃப்காங் ஸ்ட்ராசர் என்பாரும் இம்முறையைக் கண்டார். ஆழத்தைக் குறிக்கும் அச்சின் எழுத்தே அம்முறைக்குப் பெயராயிற்று. அமெரிக்கர்க்கு அது 'ஸீ-பஃபர்', பிரித்தானியர்க்கு 'ஸெட்-பஃபர்', செர்மானியர்க்கு 'ட்ஸெட்' என்றே எழுத்தின் பெயர் தொடங்கும்.

தமிழில் இவ்வெழுத்து 'இசட்' ஆனது. மொழிமுதற் சகரம் வல்லொலியாக நிற்பது தமிழ் மரபு. முன்னே இகரம் ஒன்றைப் பெற்றுச் சகரம் மொழியிடைப்பட்டதும் ஒலி மென்மையுற்று அயல் ஒலிக்கு நெருங்குகிறது. இராமன், உலோகம் ஆகியவற்றில் முன்வரும் உயிரோடு இதனை ஒருபுடை ஒப்பிடலாம். ஆனால் அங்கு மொழிமுதலாகா எழுத்தைத் தவிர்ப்பது நோக்கம், இங்கு ஒலியை மென்மையாக்குவது நோக்கம் எனக் கருத இடமுண்டு.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. பிளெண்டரில் 'இசட்' விசை உருவின் தோற்றமுறையை மாற்றும். 'சி' விசை வட்டத் தேர்வுக்குரியது. 'ஜி' விசை பொருளை நகர்த்தும். அமெரிக்கர் ஒருவர் நடத்தும் காணொளிப் பாடத்தில் 'ஸீ' எனக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு அது 'சி' எனவும் கேட்கக்கூடும். அவ்வொலியை ஜகரமாக ஏற்கும் செவிக்கோ அது 'ஜீ' ஆகி, தோற்றம் மாறவேண்டிய இடத்தில் உருவம் இடம்பெயரும். 'இசட்' என்னும் பெயரை வேறெந்த எழுத்தோடும் மயங்க வழியில்லை. நெடுங்கணக்கில் ஒத்திசைவு நினைவுக்கு உதவும், தனித்தன்மை செவிக்கு உதவும் என்னும் இரண்டில், விசைப்பலகைக் கல்விக்கு இரண்டாவதே வேண்டப்படுவது.

பெயர்களின் இழப்பு

சொற்களின் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் விளைவது காலவிரயம். மனிதர் பெயர்களில் நேர்வதோ இழப்பு. அசைவூட்டப் பாடத்தில் மாணவர் முதலில் கேட்கும் பெயர்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

வளைகோட்டுக்குப் பெயர் தந்தவர் ரெனோ மகிழுந்து நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெஸியே (1910–1999). மகிழுந்தின் உடல்வளைவை வரையறுக்க அவர் பரப்பிய முறையே இன்று ஓர் அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல அடங்குவதையும் நெறிப்படுத்துகிறது. அவர்க்கு முன்பே, 1959இல், சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ அக்கணிதத்தைக் கண்டிருந்தார். நிறுவனம் அதனை மறைபொருளாக வைத்திருந்தமையால் பெயர் பெஸியேக்கு உரியதாயிற்று. பிரெஞ்சில் அவர் பெயரின் முதல் 'ஈ' எழுத்தின்மேல் சாய்கோடு ஒன்று உண்டு. ஈற்று 'ஆர்' ஒலிக்காது. 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியேற்றத்தின் 128 இடங்களில் அச்சாய்கோட்டு எழுத்துக்கு இடமில்லை. எனவே நிரல்களில் கோடு நீங்கிய வடிவமே பதிந்தது. கோடு போனபின் ஒலிப்புக்கு வழிகாட்டியும் போயிற்று. 'பெசியர்', 'பேசியர்' என எழுத்தை நம்பிப் படிக்கும் ஒலிப்புகள் எழுந்தன.

பரப்பின்மீது நிழலை இழைத்துக் காட்டும் முறையை 1971இல் யூட்டாவில் வகுத்தவர் ஆன்ரி கூரோ. அவர் பெயரின் ஈற்று 'டி' எழுத்தும் ஒலிக்காது. எழுத்தெழுத்தாகப் படித்தால் அவர் 'கௌராட்' ஆகிவிடுவார்.

மூன்றாமவர் வியட்நாமியர். ஒளி பட்டுத் தெறிக்கும் பளபளப்பைக் கணிக்கும் முறையை 1973இல் அதே பல்கலைக்கழக ஆய்வேட்டில் தந்து, 1975இல் இளவயதிலேயே மறைந்த புய் துவாங் ஃபோங். வியட்நாமிய முறைப்படி புய் என்பது குடிப்பெயர். அது முன்னே வரும். ஃபோங் என்பதே இயற்பெயர். மேலை நாட்டவர் ஈற்றில் நின்ற பெயரைக் குடிப்பெயராகக் கொண்டு முறைக்கு அப்பெயரை இட்டனர். வியட்நாமியர் ஒருவரை மரியாதையுடன் சுட்டுவதும் இயற்பெயராலேயே என்பதால், தவறான காரணத்தால் சரியான பெயர் நிலைத்தது. தந்தை பெயரை முதலெழுத்தாகவோ ஈற்றிலோ வைத்து அயல்நாட்டுப் படிவங்களில் தம் இயற்பெயரையே இழந்துபோகும் தமிழர்க்கு இந்நிலை புதிதன்று. அவர் பெயரின் வியட்நாமிய ஒலிக்குறிகளும் ஆஸ்கியில் கரைந்தன. தமிழில் இப்பெயரைப் 'போங்' என எழுதுவதைக் காணலாம். வியட்நாமிய எழுத்துமுறையில் 'பி-எச்' என்பது ஃபகர ஒலியைக் குறிப்பதால் 'ஃபோங்' என ஆய்தம் சேர்த்து எழுதுதலே தகும்.

தமிழ்வழிக் கணினிப் பாடநூல்களுக்கு இங்கு ஒரு வாய்ப்பு உள்ளது. ஆங்கிலம் எழுத்தைக் காத்து ஒலியை இழந்தது. தமிழ், வேற்றெழுத்தை எடுத்துக்கொள்ளாமல் ஒலியை எடுத்துக்கொள்ளும் மொழி. வடசொற்களை வடவெழுத்து நீக்கி ஏற்கும் நெறியைத் தொல்காப்பியம் எச்சவியல் வகுத்திருக்கிறது. ஆகவே பெஸியே, கூரோ, ஃபோங் என மூலமொழி ஒலிப்பைத் தழுவித் தமிழில் எழுதுவது இயலும். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழெழுத்தால் மீண்டும் எழுதுவது இருமடி இழப்பு.

தமிழெழுத்தில் மறைவனவும் தோன்றுவனவும்

'கலர்', 'சென்டர்', 'மாடலிங்', 'கிரே' ஆகியவற்றைத் தமிழில் எழுதினால் இரு நாட்டு வேறுபாடும் மறைந்துவிடுகிறது. தமிழில் குறிப்பெடுக்கும் மாணவர் ஏட்டில் யு பற்றிய வினாவே எழாது. மாறாக, ஆங்கில எழுத்து மூடிவைத்திருக்கும் பூசல் தமிழில் வெளிப்படும். 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் உருவாக்கிய பட வடிவத்தின் பெயர் அதற்குச் சான்று. குறும் அசைவுப்படங்களால் புகழ்பெற்ற அவ்வடிவத்தின் மூன்றெழுத்துப் பெயரை அவர் 'ஜிஃப்' என்றே ஒலித்தார்; 2013இல் விருது பெற்ற மேடையிலும் பேசாமல், திரையில் எழுத்தாக ஓடவிட்டு அதனையே அறிவித்தார். முதலெழுத்து விரித்தால் 'கிராபிக்ஸ்' என்பதன் ககர ஒலிதானே என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஆங்கிலத்தில் எழுதுவோர் எத்தரப்பிலும் சேராமல் எழுதிச் செல்லலாம். தமிழில் எழுதுவோர் 'ஜிஃப்' அல்லது 'கிஃப்' என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அவ்வாறு தேர்ந்தும், மொழிமுதற் ககரம் வல்லொலியாகவே படிக்கப்படும் என்பதால் 'கிஃப்' என்பது எதிர்த்தரப்பின் ஒலியையும் முழுமையாகத் தருவதில்லை.

தமிழெழுத்து கணினிக் கட்டளைக்குள்ளேயே நுழையும்போது நிலைமை மீண்டும் மாறுகிறது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 பதிப்பு, மாறிகளுக்கு ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் பெயரிட இடம் தந்தது. பிளெண்டர் தன் 2.5 வரிசையிலிருந்து பைத்தான் 3ஐயே துணைநிரல் மொழியாகக் கொண்டுள்ளது. எனவே மென்பொருளின் சொந்தப் பண்புகளை ஆங்கிலத்தில் அழைக்கவேண்டினும், மாணவர் தாம் ஆக்கும் மாறிக்கு நிறம் என்றோ ஒளி என்றோ தமிழில் பெயரிடலாம். ஒகர உயிர்மெய்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும், எகரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து நின்ற இரட்டையாகவும் ஒருங்குறியில் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் இவ்விரண்டையும் இயல்பாக்கி ஒரே பெயராகக் கொள்கிறது. அந்த அளவுக்குப் பொறி ஒரு போலியைக் கற்றிருக்கிறது.

ஔகாரத்தில் அது தவறிவிடும். ஒலியை அடக்கும் மாறி ஒன்றுக்கு 'மௌனம்' எனப் பெயரிடும் மாணவர், ஓரிடத்தில் ஔகாரக் குறியைத் தட்டச்சிட்டு, மற்றோரிடத்தில் எகரக் குறியோடு ளகர மெய்யெழுத்தின் அகர வடிவைச் சேர்த்து 'மெளனம்' எனத் தட்டச்சிடுவது இன்றும் பரவலாகக் காணப்படும் வழக்கம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் வேறுபடா. ளகரம் தனி எழுத்தாகையால் எந்த இயல்பாக்கமும் அவ்விரண்டையும் இணைக்காது. நிரலை இயக்கியதும், மாணவர் கண்முன்னே எழுதப்பட்டிருக்கும் அப்பெயர் எங்கும் வரையறுக்கப்படவில்லை எனப் பைத்தான் அறிவிக்கும்.